சத்தமில்லாத வீதி தேடும் சைக்கிள்காரருக்குச் சில ஆலோசனைகள்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், ஆளரவமில்லாத கிராமத்து வீதிகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஐரோப்பியர் விமானம் ஏறிப் போகிறார்கள். இருபுறமும் ஒலிவ் தோட்டம். வழியில் ஒரு வெள்ளைச் சுவர்க் கிராமம், அங்கே ஒரு கோப்பி, பிறகு மறுபடியும் ஒலிவ் தோட்டம். இதே சுகத்தை விசாவும் விமானச் சீட்டும் இல்லாமல் கல்முனையிலேயே பெறலாம் என்று காட்டுவதுதான் இந்தக் கையேட்டின் நோக்கம். ஒலிவ் மரம் மட்டும் இங்கே இல்லை. அமைதியும் கொஞ்சம் தட்டுப்பாடு. மற்றதெல்லாம் உண்டு.

முதலில் ஊர் கிடக்கும் கிடையைப் புரிந்துகொள்ளுங்கள். கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும். நடுவில் உள்ள ஒடுங்கிய மணல்மேட்டில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் இடைவெளியில்லாமல் அடுக்கியிருக்கின்றன. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று நாட்டைச் சுற்றி நானூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி மட்டக்களப்பில் முடிகிற ஏ-4 நெடுஞ்சாலை, இந்த ஊர்களின் நடு முதுகில் ஏறித்தான் போகிறது. எங்களுக்கு அது மெயின் ரோட். பஸ், லொறி, முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், மையித்து வாகனம், மாப்பிள்ளை வாகனம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வழி. ஸ்பெயினில் சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீற்றர் விலகிப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் அந்த ஒன்றரை மீற்றருக்குள் ஒரு முச்சக்கரவண்டி, ஒரு தேங்காய்க் கடை, இரண்டு மாடு அடங்கும்.

ஆகவே மெயின் ரோட்டை விட்டுக் கிறுக வேண்டும். எங்கே கிறுகுவது என்பதற்கு முன், எதில் ஏறி, எதை உடுத்து, எவருக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டு கிறுகுவது என்று பார்ப்போம்.

சைக்கிள்

கியர் சைக்கிள் வேண்டாம். கியர் மலைக்கு. இந்தக் கரையோரத்தில் ஆகப் பெரிய மலையேற்றம் பெரியகல்லாற்றுப் பாலம். அதற்கு அடுத்தது யாரோ தன் வீட்டு வாசலில் தானே போட்டுக்கொண்ட வேகத்தடை. வாப்பாவின் காலத்து லுமாலா ஒன்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தால் அதைக் கழுவி எடுங்கள்.

கெரியர் கட்டாயம். ஐரோப்பியர் ஓட்டும் சைக்கிள்களில் கெரியர் இல்லாததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களை வீட்டில் யாரும் நம்பி ஒரு சாமான் வாங்கச் சொல்வதில்லை போலும். இங்கே நீங்கள் எவ்வளவு ஆழமான மனநிம்மதி தேடிப் புறப்பட்டாலும், கேற்றைத் தாண்டுவதற்குள் ஒரு குரல் வரும்: “வரக்குள்ள ரெண்டு தேங்காயும் ஒரு கிலோ வெங்காயமும்.” கெரியர் இல்லாதவர் அதை ஹாண்டிலில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, இயற்கையை ரசிக்க வேண்டி வரும்.

உடை

சைக்கிள் வீரர்கள் அணியும் இறுக்கமான அரைக் காற்சட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ளது மறைக்கப்பட வேண்டியது என்பது மார்க்கம். அதை விட, கல்முனைக்குடியின் ஒரு குறுக்கு வீதியில் அந்த உடுப்போடு நீங்கள் போனால், நீங்கள் வீடு திரும்புமுன் உங்கள் மாமியாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பது அனுபவம். சாரன் நல்லது. மருதமுனைத் தறியில் நெய்த சாரன் இன்னும் நல்லது. காற்றோட்டம் உண்டு, துடைத்துக்கொள்ளலாம், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாம். செயினில் மாட்டும் ஆபத்து மட்டும் உண்டு. மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள், ஆனால் பள்ளிவாசலுக்கு முன்னால் வரும்போது ஒரு கையால் இறக்கிவிட வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு மட்டும் கைவரும்.

தலைக்கவசம் அணியலாம். அணிந்தால், மோட்டார் சைக்கிளை எங்கோ விட்டுவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துபோன ஆள் என்று நினைத்து இரண்டொருவர் உங்களை நிறுத்தி நினைவூட்டுவார்கள்.

கேள்விகள்

இந்தக் கையேட்டின் முக்கியமான பகுதி இது. வீதி எவ்வளவு அமைதியாக இருந்தாலும், அதன் ஓரத்தில் ஒரு வாங்கும், அந்த வாங்கில் ஒரு மனிதரும் இருப்பார். அவருக்கு ஒரு பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவது ஐரோப்பிய முறை. இங்கே அது மரியாதைக் குறைவு, அடுத்த நாள் உங்கள் மூத்தப்பாவிடம் முறைப்பாடாகப் போய்ச் சேரும்.

“என்ன மனே, சைக்கிள்ல? மோட்டச்சைக்கிளுக்கு என்ன நடந்த?”

“ஒண்டுமில்ல மாமா. சும்மா.”

“சும்மாவா? வித்துட்டியா?”

‘சும்மா’ என்ற பதிலை ஒருபோதும் சொல்லாதீர்கள். கல்முனையில் யாரும் சும்மா எங்கேயும் போவதில்லை. வட்டைக்குப் போவார், கடைக்குப் போவார், ஜனாஸாவுக்குப் போவார். சும்மா போகிறவனுக்கு வியாபாரம் முறிந்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை, அல்லது வெளிநாட்டுப் பயணம் சரிவராமல் ஏஜென்சிக்காரன் ஏமாற்றியிருக்க வேண்டும். நீங்கள் நிந்தவூரைத் தாண்டுமுன் இந்த மூன்றில் ஒன்று முடிவாகியிருக்கும். காணி பார்க்கப் போகிறேன் என்றாலும் ஆபத்து. யாருடைய காணி, பேர்ச் என்ன விலை, ஆதனத்தில் வழக்கு இருக்கிறதா என்று வாங்கில் இடம் விட்டு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

எல்லாக் கதவையும் திறக்கிற பதில் ஒன்றுதான்: “டொக்டர் ஓடச் சொன்ன.”

சொன்னதும் முகம் மாறும். சீனி வருத்தம் இந்தக் கரையோரத்தில் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அதற்கு முன்னால் அந்தஸ்து, கட்சி, ஊர் எதுவும் இல்லை. “எத்தின இருக்கு? சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்பார். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அவர் தன் எண்ணைச் சொல்வார், அது உங்களுடையதை விடப் பெரிதாக இருக்கும், அதில் ஒரு சின்னப் பெருமையும் இருக்கும். பிறகு குறிஞ்சா இலைச் சுண்டல், பாவக்காய்ச் சாறு, வெறும் வயிற்றில் வெந்தயம். இவற்றை மறுக்காமல் கேட்டுவிட்டு, அவரே தருவிக்கிற சீனி போட்ட பால்டீயைக் குடித்துவிட்டுப் புறப்படலாம்.

பெண்களுக்கு இந்தப் பகுதி உதவாது. அவர்களிடம் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, ஏன் போகிறாய் என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன பிள்ளையின் சைக்கிள் ஒரு வயதில் தம்பிக்குப் போய்விடுகிறது. பிறகு படித்து, ஆசிரியையாகி, ஸ்கூட்டி வாங்கிய பிறகுதான் இரண்டு சில்லு மறுபடி கிடைக்கிறது. வேலைக்குப் போகும் சில்லுக்கு இருக்கிற அனுமதி காற்று வாங்கப் போகும் சில்லுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இதைக் கேலியாக எழுத எனக்கு வரவில்லை.

நேரம்

கல்முனையில் அமைதியை வரைபடத்தில் தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பதில்லை. மணிக்கூட்டில் தேட வேண்டும்.

சுபஹுக்குப் பிறகான நேரம் சிறந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் சொல்வதால் எல்லாரும் அப்போது வீதியில் இருக்கிறார்கள். டொக்டர் நடக்கச் சொன்னவர்கள் நாலைந்து பேராகக் கைகோக்காத குறையாக வீதியை அடைத்து நடப்பார்கள். மீன்காரர் பெட்டியோடு பறப்பார். அவருக்குப் பின்னால் சூன் பான் ஓட்டோ வரும். பாண், பணிஸ் விற்கிற அந்த முச்சக்கரவண்டி நாடு முழுவதும் ஒரே இசையைத்தான் போடுகிறது. பீத்தோவன் என்ற ஜெர்மன்காரர் இருநூறு வருடங்களுக்கு முன்பு பியானோவுக்கு எழுதிய ‘எலீசாவுக்காக’. இந்த இசை கேட்டதும் பாண் ஞாபகம் வருகிற ஒரே நாடு நாமாகத்தான் இருக்க வேண்டும். உங்களுடைய வேகமும் அந்த ஓட்டோவின் வேகமும் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். முந்தவும் முடியாது, பின்தங்கவும் முடியாது. சாய்ந்தமருது வரை எலீசாவோடுதான் போக வேண்டும்.

உண்மையான அமைதி வெள்ளிக்கிழமை நண்பகலில் வரும். ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டி, பள்ளிவாசல்கள் நிறைந்து, மெயின் ரோட் முக்கால் மணி நேரம் வெறிச்சென்று கிடக்கும். ஏ-4இன் நடுவில் படுத்துக் கிடக்கிற மாட்டைத் தவிர யாரும் இல்லை. அந்தலூசியாவில்கூட இப்படி ஒரு வீதி இருக்காது. ஒரே ஒரு சிக்கல்: அந்த நேரத்தில் அதில் சைக்கிள் ஓட்டுவதற்கு நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகாத ஆளாக இருக்க வேண்டும். போகாத ஆளாக இருந்தால் அது அன்று பின்நேரமே ஊருக்குத் தெரியும்.

நோன்பு காலத்தில் மஃரிப் பாங்குக்குப் பிந்திய பதினைந்து நிமிடம் இதை விடவும் சிறந்தது. அதற்கு முந்திய பதினைந்து நிமிடம் இலங்கையிலேயே ஆபத்தான வீதி இதுதான். கஞ்சி வாளியும் சமோசாப் பையும் தொங்க, மோட்டார் சைக்கிள்கள் எல்லாத் திசையிலிருந்தும் எல்லாத் திசைக்கும் பாயும். பாங்கு சொன்னதும் எல்லாச் சத்தமும் ஒரே மூச்சில் நின்றுவிடும். அந்த அமைதியில் மிதிக்க ஆசைதான். ஆனால் பதினாலு மணி நேரம் தண்ணீர் குடிக்காத ஒருவர், ஈச்சம்பழத்தையும் கஞ்சியையும் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறி இயற்கை அழகு பார்க்கப் போனார் என்று வரலாறு இல்லை.

வருடக் கணக்கில் பார்த்தால், இந்த ஊரில் சைக்கிளுக்குப் பொற்காலம் 2022. பெற்றோல் இல்லை, இருந்தால் வரிசை, பிறகு கியூஆர் அட்டை. சைக்கிள் விலை மோட்டார் சைக்கிளின் பழைய விலையை எட்டிப் பார்த்தது. ஹாஜியாரும் அதிபரும் வங்கி முகாமையாளரும் சைக்கிளில் போனார்கள். யாரும் யாரிடமும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. வீதியில் மணியோசை கேட்டது. பெற்றோல் திரும்பி வந்த வாரமே சைக்கிள்கள் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் போயின.

கடற்கரை வீதி

மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக எந்தக் குறுக்கு வீதியில் கிறுகினாலும் சில நிமிடத்தில் மணல் வரும். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியைத் தாண்டி வடக்கே மருதமுனை வரை கடலோரமாகப் போகலாம். நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் பேரில் கொடியேற்றி, பன்னிரண்டு நாள் நினைவு கொண்டாடும் பள்ளிவாசல் அது. கொடியேற்றக் காலத்தில் போகாதீர்கள், அல்லது சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வழியில் கரைவலை இழுப்பார்கள். நின்று பார்க்க ஆசை வரும். நிற்கலாம், ஆனால் கயிற்றுக்கு அருகில் நிற்கக் கூடாது. கை சும்மா இருக்கிற மனிதனைக் கண்டால் கயிற்றைக் கொடுத்துவிடுவார்கள். வலை கரையேற எவ்வளவு நேரமாகும் என்பது மீனுக்கே தெரியாது. இழுத்து முடித்தால் ஒரு கோர்வை மீன் தருவார்கள், கெரியர் எதற்கு என்று அப்போது விளங்கும்.

இந்த வீதியில் சில இடங்களில் கடலுக்கும் வீதிக்கும் இடையே வெறும் நிலம் கிடக்கும். கிணறு இருக்கும், படிக்கட்டு இருக்கும், வீடு இருக்காது. 2004 டிசம்பர் 26 காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். நாட்டிலேயே அதிக உயிர் போன மாவட்டம் இதுதான். அங்கே மணியடிக்காமல் போங்கள்.

எல்லைகள்

இந்த ஒடுங்கிய மணல்மேட்டில் எல்லைகளுக்குப் பஞ்சமில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா வேண்டாமா என்ற பிணக்குக்கு முப்பது வருடத்துக்கு மேல் வயது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை தரும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வந்தது, சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்காகக் கடையடைப்பு, உண்ணாவிரதம், ஊர்வலம் எல்லாம் நடந்திருக்கின்றன. நான் யார் பக்கம் என்று இங்கே எழுத மாட்டேன், எனக்கு இதே ஊரில் பஞ்சர் ஒட்ட வேண்டியிருக்கிறது.

சைக்கிள்காரருக்குச் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: இந்த எல்லைகளில் பலவற்றைத் தாண்ட பத்து மிதி போதும். ‘வருக வருக’ பலகையும் ‘நன்றி, மீண்டும் வருக’ பலகையும் சில இடங்களில் ஒரே தூணின் இரண்டு பக்கம். பலகை இல்லாத இடத்தில் மருதமுனைப் பூனை உங்களைத் திரும்பிப் பார்க்காது, பாண்டிருப்பு நாய் எழுந்து வந்து விசாரிக்கும். கட்டாக்காலி மாடுகள் எந்தச் சபைக்கும் வரி கட்டாமல் எல்லாச் சபையின் குப்பையையும் தின்றுகொண்டு நடுவீதியில் அசைபோடும். அவற்றுக்கு ஹோர்ன் அடித்தாலும் கேட்காது, மணி அடித்தாலும் கேட்காது. இறங்கி, சுற்றி, ஏறுங்கள்.

சம்மாந்துறைப் பக்கம்

காரைதீவுச் சந்தியில் மேற்கே கிறுகுங்கள். யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் அது. சந்தியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வீடுகள் முடிந்து, வானம் திடீரென்று அகலமாகும். மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, மல்வத்தை என்று அம்பாறை வரை வயல். பட்டிப்பளை ஆறு என்று நம் மூத்தவர்கள் சொன்ன ஆற்றை 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் மறித்தது. அந்தச் சேனநாயக்க சமுத்திரத் தண்ணீர்தான் இந்த வாய்க்கால்களில் வருகிறது. நான் இந்தக் கையேட்டில் மனதாரச் சிபாரிசு செய்வது இந்த வாய்க்கால் கட்டுகளைத்தான். ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், நடுவே கிரவல் பாதை, கொக்கு. அந்தலூசியாவிலும் முஸ்லிம்கள் ஆண்ட காலத்து மலை வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றின் கரையில்தான் வெள்ளைக்காரர் நடக்கப் போகிறார்கள். நம் ஊரில் அந்தக் கட்டில் போகிறவர் மண்வெட்டியோடு போவார். மண்வெட்டி இல்லாமல் போனால், இரவில் மடையைத் திறந்து தண்ணீர் திருடியவன் நீங்கள்தானோ என்று ஒரு பார்வை விழும். கெரியரில் ஒரு மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பெரும்போக அறுவடைக்குப் பிறகு வீதியில் பாதி, நெல் காயும் களம். கல்லும் தடியும் வைத்து எல்லை காட்டியிருப்பார்கள். மீதிப் பாதியில் நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரம் வரும். உங்களுக்கு எஞ்சுவது வாய்க்கால். நெல்லில் சில்லை ஏற்றிவிடாதீர்கள், அந்தக் குடும்பத்தின் கடன் முழுதும் அதில் காய்ந்துகொண்டிருக்கிறது.

காற்றைப் பற்றி ஒரு சொல். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் மேற்கேயிருந்து அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வரும். காலையில் அம்பாறைப் பக்கம் போனால் முகத்துக்கு நேரே. திரும்பும்போது முதுகைத் தள்ளும் என்று நம்பி மாலை வரை இருந்தால், அதற்குள் கடற்காற்று எழும்பி அதுவும் முகத்துக்கு நேரே வரக்கூடும். காற்று உங்களுக்காக வீசுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு இந்த வீதிகள் மிக அமைதியாகும். அதற்குக் காரணம் யானை. வயல் விளைந்தால் வயலுக்கு வரும், வயல் முடிந்தால் குப்பை மேட்டுக்கு வரும். தூரத்தில் யானைவெடி கேட்டால் அது கலியாண வீடல்ல, திரும்புங்கள்.

மாரியில் வீதியைத் தண்ணீர் மூடினால் திரும்புங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 26 அன்று, மாவடிப்பள்ளியில் வெள்ளம் மூடிய இதே வீதியைத் தாண்ட முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள். பலர் திரும்பவில்லை. முழங்கால் அளவுதானே என்று வீதியோரத்தில் நின்று சொல்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஒலுவில்

வாகனமே இல்லாத, அகலமான, நல்ல வீதிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தெற்கே நிந்தவூரைத் தாண்டி ஒலுவில் துறைமுகத்துக்குப் போங்கள். டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டம்பரில் கோலாகலமாகத் திறந்து வைத்தார்கள். வாயை மணல் மூடியது. தோண்டினார்கள், மறுபடி மூடியது. துறைமுகத்துக்குள் வராத கடல், துறைமுகத்துக்கு வடக்கே ஏறி ஒலுவில், நிந்தவூர்க் கரையின் தென்னந்தோப்புகளைத் தின்றது. கப்பல் வராத துறைமுகத்துக்கு லொறி வராது. லொறி வராத வீதியில் நீங்கள் இரண்டு கையையும் விட்டு ஓட்டலாம். இவ்வளவு செலவு செய்து நாட்டில் எவருக்கும் ஒரு சைக்கிள் பாதை அமைத்துக் கொடுத்ததில்லை.

சிரிப்பதற்கு முன் அந்தலூசியாவை ஒருமுறை பாருங்கள். அங்கே புவர்த்தோ செரானோ முதல் ஒல்வேரா வரை 36 கிலோமீற்றர் ரயில்பாதை ஒன்றை 1920களில் வெட்டத் தொடங்கினார்கள். 30 சுரங்கம், 4 பெரும்பாலம் எல்லாம் கட்டினார்கள். காசு முடிந்தது, உள்நாட்டு யுத்தம் வந்தது, ஒரு ரயில்கூட அதில் ஓடவில்லை. பல பத்து வருடம் கழித்து யாரோ அதைச் சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறார்கள், ரயில் நிலையங்கள் விடுதிகளாகிவிட்டன, சுரங்கத்துக்குள் விளக்கு எரிகிறது. ரயில் வராத பாதைக்கு அவர்கள் ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் கப்பல் வரும் என்று இன்னும் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சைக்கிள்காரர் என்ற முறையில் எனக்கு முறைப்பாடு இல்லை. மீனவருக்கும் தோப்புக்காரருக்கும் இருக்கிறது.

பெரிய சுற்று

துணிந்தவர்களுக்கு ஒரு முழு நாள் பயணம். மாரியில் வேண்டாம். நற்பிட்டிமுனை வழியாக மேற்கே போய்க் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டுங்கள். மழைக்காலத்தில் களப்பு வீதிக்கு மேலே ஏறிவிடும், மற்ற நாளில் வீதி களப்புக்கு மேலே இருக்கும். பாலம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் எல்லாக் காலத்திலும் மேலே இருக்கும். மீன் பிடிப்பவர்கள் நிற்பார்கள். முதலையும் உண்டு, ஆகவே கால் கழுவ இறங்காதீர்கள்.

மறுகா சவளக்கடை, நாவிதன்வெளி, வெல்லாவெளிப் பக்கமாக வடக்கே போனால் மண்டூர். வயலும் பனையும் சின்னக் கடைகளும். இங்கே வாங்கில் இருப்பவர்கள் உங்களை அறியாதவர்கள், ஆகவே கேள்வி குறையும் என்று நினைப்பீர்கள். கூடும். எந்த ஊர், யாருடைய மகன், கல்முனையில் அந்த இரும்புக் கடைக்காரர் சுகமா என்று தொடங்கி, உங்கள் வாப்பாவின் கூட்டாளி ஒருவரை அவர்கள் கண்டுபிடிக்கும் வரை விட மாட்டார்கள். கண்டுபிடித்துவிட்டால் சட்டித் தயிர் வரும்.

மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்வது வழக்கம், கதிர்காமத்து முறை. இந்தக் கையேடு முழுவதிலும் சத்தமில்லை என்று நான் உறுதி தரக்கூடிய ஒரே இடம் அதுதான். திருவிழாக் காலத்தில் அதற்கு வெளியே ஒலிபெருக்கி இருக்கும்.

மண்டூர்த் துறையில் ‘பாதை’ ஏறுங்கள். மனிதர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கிற மிதவை அது. குருமண்வெளியில் இறங்கி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு என்று மெயின் ரோட்டில் தெற்கே மிதித்தால் மருதமுனை வந்துவிடும். கல்லாற்றுப் பாலத்தில் முன்சொன்ன மலையேற்றம் உண்டு.

கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறையில் கேட்டுவிட்டுத் தயிர் சாப்பிடப் போங்கள். தயிரை முடித்துவிட்டுக் கேட்டால் அது போயிருக்கும். இருட்டில் யானை நடமாடும் வீதியால் திரும்ப முடியாது. லேண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் மச்சானுக்கு அழைப்பு எடுங்கள். அவர் வருவார். சைக்கிளைப் பெட்டியில் தூக்கிப் போட்டு, உங்களையும் அதற்கு மேல் ஏற்றி, அந்த எஞ்சின் சத்தத்தில் ஊர் முழுக்க எழும்பும்படி கூட்டி வருவார். வாடகை வாங்க மாட்டார். அடுத்த இரண்டு கிழமைக்கு எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் அவர் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து சிரிக்க வேண்டும். பால்டீக்குக் காசு நீங்கள்.